வரவு இடாப்பு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஆரம்ப நிகழ்வில், பாடசாலைச் சங்கீதக் குழுவின் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



முதலில் ஒரு விளக்கம். இந்த மேடையில் நிற்பது ஒருத்தி. பேசுவது பதினொரு பேர். எங்கள் சங்கீத ரீச்சர் எங்களை வரிசையில் நிறுத்தும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வார்: "குழுப்பாட்டிலை ஒருத்தியின்ரை குரல் தனியக் கேட்டால் அது அவளின்ரை கெட்டித்தனமில்லை, பிழை." அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆகவே இன்றும் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

சங்கத்தின் நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேச எங்களிலும் மூத்தவர்கள், அறிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, சங்கீதக் குழுவின் முப்பது ஆண்டு நட்பு. அதில் பெருமைக்குரியது உண்டு, வெட்கத்துக்குரியதும் உண்டு. இரண்டையும் சொல்லும்படி பதினொரு பேரும் ஒருமித்து முடிவெடுத்துத்தான் இங்கு வந்திருக்கிறோம்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நாங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பற்றரி கிடைக்காத காலம். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் பார்த்துக் குப்பி விளக்கேற்றிப் படித்த காலம். அந்தக் காலத்திலும் பாடசாலையில் சங்கீத வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. காரணம், எங்களுடைய சுருதிப்பெட்டி துருத்தியைக் கையால் இயக்கும் பழைய மரப்பெட்டி. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஒரு கை போதும்.

அந்தக் கை எங்களில் ஒருத்தியுடையது. குரல் அவளுக்கும் நல்ல குரல்தான். ஆனால் பாட்டு முடியும்வரை துருத்தியை ஒரே சீராக அமுக்க அவளைப்போல வேறொருத்தியால் முடியவில்லை. வாணி விழாவில் தேவாரம் பாடும்போதும், நத்தார் காலத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சேர்ந்து கரோல் பாடும்போதும், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு நாங்கள் ஒவ்வொருவராய் நடுங்கிக்கொண்டு பயிற்சி எடுத்தபோதும், ஓரத்தில் நிலத்தில் இருந்து சுருதி போட்டவள் அவளே. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுவோம். சத்தம் ஓய்ந்து நாங்கள் வந்து நிற்கும்போது அவள் ஏற்கெனவே பெட்டிக்கு முன்னால் இருப்பாள். விட்ட சரணத்திலிருந்து தொடங்குவோம்.

பாராட்டுகள் முன்வரிசையில் நின்றவர்களுக்கே கிடைத்தன. சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அதை யாரும் கேட்பதில்லை. நின்றால்தான் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் விளக்கம் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே தெருவில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு. எங்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி. அப்போது பாடசாலைச் சுருதிப்பெட்டி, துருத்தி திருத்துவதற்காக அவளுடைய வீட்டில் இருந்தது. அவள் தன்னுடைய உடுப்புப் பையை விட்டுவிட்டுப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். சில வாரங்களின் பின் அவளுடைய குடும்பம் கிளாலியால் வன்னிக்குப் போக முடிவெடுத்தபோது, சாவகச்சேரியில் ரீச்சர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பெட்டியைக் கொடுத்திருக்கிறாள். "பள்ளிக்கூடம் திறந்தால் இதைக் கொண்டுபோய் வையுங்கோ ரீச்சர்" என்று மட்டும் சொன்னாளாம்.

1996 ஏப்ரலில் நாங்கள் திரும்பினோம். பெட்டியும் திரும்பியது. அவள் திரும்பவில்லை.

அதன் பின் எங்கள் கதை உங்கள் எல்லோருடைய கதையும்தான். உயர்தரம் முடிந்தது. சிலர் பல்கலைக்கழகம் போனோம், சிலர் மணமாகிப் போனோம், சிலர் கடல் கடந்தோம். இன்று ரொறன்ரோவில் இருவர், லண்டனில் ஒருத்தி, நோர்வேயில் ஒருத்தி, மெல்பேணில் ஒருத்தி, அமெரிக்காவில் ஒருத்தி, கொழும்பில் ஒருத்தி, யாழ்ப்பாணத்தில் மூவர். 2010 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இருவரோடு ஒரு வீட்டு விறாந்தையில் கூடிப் பாடினோம். அன்று தொடங்கியதுதான் எங்கள் சந்திப்பு. அடுத்த வருடம் ஆறு பேர், அதற்கடுத்த வருடம் எட்டுப் பேர். படம் எடுத்தோம். சங்கத்தின் மலரிலும் போட்டோம். "அவள் எங்கே?" என்று ஒருத்தி கேட்டபோது, "வெளிநாடு போயிட்டாளாம்" என்று இன்னொருத்தி சொன்னாள். யார் சொன்னது, எந்த நாடு என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பதில் எங்களுக்கு வசதியாக இருந்தது.

நாங்கள் சண்டையே பிடிக்காதவர்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். பாடசாலைக்கு ஒரு கீபோட் வாங்கிக் கொடுத்தோம். அதற்கு வைக்கும் பெயர்ப்பலகையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. "காசு அனுப்பினது நாங்கள்" என்றது ஒரு பக்கம். "வெயிலுக்கை அலைஞ்சது நாங்கள்" என்றது மறுபக்கம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆனால் சுருதிப்பெட்டியைக் காப்பாற்றியவளின் பெயர் அந்தப் பெட்டியில் எங்கும் இல்லை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2020 இல் ஊரடங்கு வந்தபோது எங்களுக்குச் சூம் வந்தது. ஆனால் சூமில் சேர்ந்து பாட முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. குரல் ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தி வந்தாலே தாளம் குலைந்துவிடும். ஆகவே ஒருத்தி பாட, மற்றவர்கள் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு அவளோடு பாடப் பழகினோம். திரையில் வாய்கள் அசைவது மட்டும் தெரியும். கேட்காவிட்டாலும் பாடுகிறார்கள் என்ற நம்பிக்கையில் பாடினோம். அந்தத் திரையில் பத்துப் பெட்டிகள் இருந்தன. பத்தும் நிறைந்துவிட்டதாகவே நினைத்தோம்.

2022. எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடுமாக நாடு தவித்த வருடம். எங்களில் வைத்தியராக இருப்பவள், அதாவது இன்று எல்லோருக்காகவும் இங்கு நின்று பேசுபவள், கிளினிக்கில் ஒரு நோயாளியைப் பார்த்தாள். வயது நாற்பத்து மூன்று, பார்வைக்கு அறுபது. மார்பில் கட்டி. ஒரு வருடத்துக்கு மேலாக இருந்ததாம். நோகாதபடியால் பெரிதாக எடுக்கவில்லையாம். பரிசோதித்து, எழுத வேண்டியதை எழுதி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்தபின் அவர் எழும்பிக் கதவடிக்குப் போனார். அங்கே நின்று திரும்பிக் கேட்டார்:

"அந்தச் சுருதிப்பெட்டி இப்பவும் பள்ளிக்கூடத்திலை கிடக்கோ, டொக்டர்?"

ஐந்து வருடம் எங்களை "எடியே" என்று கூப்பிட்டவள், அன்று "டொக்டர்" என்று கூப்பிட்டாள். புத்தகத்தில் கணவரின் பெயரோடு இருந்த அவளுடைய பெயரை நாங்கள் அடையாளம் காணவில்லை. முகத்தையும் அடையாளம் காணவில்லை. அவள் எங்களை முதல் நொடியிலேயே கண்டுகொண்டிருந்தாள்.

அவள் வெளிநாடு போகவில்லை. 2009 இல் வன்னியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு முகாமில் இருந்து, பின்னர் தாய்வீட்டுக் காணிக்கே திரும்பி வந்திருந்தாள். எங்கள் குழுவின் சுருதி எப்போதும் ஐந்து கட்டை. நாங்கள் ஆண்டுதோறும் கூடிய விறாந்தையிலிருந்து அவளுடைய வீடும் ஐந்து கட்டைத் தூரம்தான்.

பிறகொரு நாள் அவளிடம் கேட்டோம், "ஏனடி வரேல்லை?" சங்கத்தின் அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டிருக்கிறாள். ஒரு முறை மண்டபத்து வாசல் வரைக்கும் வந்து திரும்பியும் போயிருக்கிறாள். அவள் சொன்ன காரணத்தை அப்படியே சொல்கிறோம்.

"வந்தால் மூண்டு கேள்வி கேப்பியள். எங்கை இருக்கிறாய், மனுசன் என்ன செய்யிறார், பிள்ளையள் என்ன படிக்கினம். மூண்டுக்கும் என்னட்டை நல்ல பதில் இல்லை."

அக்காமாரே, தங்கச்சிமாரே, அந்த மூன்று கேள்வியையும் நாங்கள் எத்தனை பேரிடம், எத்தனை தரம் கேட்டிருப்போம்! அன்போடுதான் கேட்டோம். ஆனால் நாங்கள் அன்போடு கேட்டது ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது.

அன்று இரவே பத்துப் பேருக்கும் செய்தி போனது, அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்தபின்தான். சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச்சிகிச்சை என்று நீண்ட பாதை. எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வைத்தியசாலைக்குப் போய்வருவது இலவசமல்ல. கதிர்ச்சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், வாரக்கணக்கில் போக வேண்டும். பெற்றோல் இல்லாத காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் வாகனச் செலவைப் பொறுப்பெடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மூவரும் முறை வைத்துக் கூடப் போனோம். கொழும்பில் இருந்தவள் கிடைக்காத மருந்துகளைத் தேடி அலைந்தாள். இந்த முறை யாருடைய பெயர் முதலில் என்று எவரும் கேட்கவில்லை.

இரவு என்பது வேறு பிரச்சினை. மருந்தேற்றும் நாட்களில் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தே சிலருக்கு நித்திரையைக் கெடுத்துவிடும். சாமத்தில் விழித்திருக்கும் நோயாளிக்குத்தான் பயம் அதிகம். பகல் முழுவதும் வேலை செய்த நாங்கள் அந்த நேரத்தில் நித்திரை. அப்போதுதான் ரொறன்ரோக்காரிகள் சொன்னார்கள்: "உங்களுக்குச் சாமம் ரெண்டு மணி எண்டால் எங்களுக்குப் பின்னேரம். அந்த நேரம் எங்களுக்கு." முன்னிரவு நோர்வேயும் லண்டனும், நடுச்சாமம் ரொறன்ரோவும் அமெரிக்காவும், விடியப்புறம் மெல்பேண் என்று பிரித்துக்கொண்டோம். எங்களைப் பிரித்து உலகமெங்கும் எறிந்த அதே தூரம், ஒருத்தியின் ஒரு இரவுக்குள் வந்து காவல் நின்றது. பேச இயலாத இரவுகளில் பேசவில்லை. ஒருத்தி மெல்லப் பாடுவாள், அவள் கேட்டுக்கொண்டு கிடப்பாள். சில இரவுகளில் அவளும் சேர்ந்து முணுமுணுப்பாளாம்.

2013 இல் சுவீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒத்துப்போக, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போவதைக் கண்டு எழுதினார்கள். வைத்தியம் படித்தவளுக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பாட்டு புற்றுநோயை மாற்றும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சத்திரசிகிச்சையும் மருந்தும் செய்யும் வேலை வேறு. அந்தச் சிகிச்சையை இடையில் கைவிடாமல் ஒருத்தி கடைசிவரை போய் முடிப்பதற்குத் துணை வேண்டும். அந்த வேலையைத்தான் நாங்கள் செய்தோம்.

இன்று அவள் நலமாக இருக்கிறாள். காலம் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறாள். இனி வராது என்று எந்த வைத்தியரும் எழுதித் தர மாட்டார். அவளுக்கும் அது தெரியும். இந்த உரையில் தன்னைப் பற்றிச் சொல்ல அனுமதி தந்தபோது அவள் வைத்த நிபந்தனை இரண்டு. "பேரைச் சொல்லாதை. ஆனால் கட்டியைப் பற்றிச் சொல்லு. பிந்தி வந்தனான் எண்டதைச் சொல்லு."

சொல்கிறோம். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் நோகாது. நோகவில்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கட்டிகளில் அநேகமானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்பதைக் கையால் தடவி வீட்டில் முடிவெடுக்க முடியாது. மாதத்தில் ஒரு நாள் உங்களை நீங்களே பரிசோதியுங்கள். புதிதாக ஒரு கட்டி, தோலில் ஒரு சுருக்கம், காம்பிலிருந்து இரத்தம், எது கண்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். முப்பத்தைந்து வயதானவர்கள் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். பணம் தேவையில்லை. வெட்கமும் தேவையில்லை.

இனி, நாங்கள் சொல்ல வந்த கடைசி விடயம்.

எங்களில் அமெரிக்காவில் இருப்பவளின் மகள் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறாள். அங்கே இசை பயிலும் பெண்களுக்கான சகோதரக் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். சிக்மா அல்பா அயோட்டா என்பது அதன் பெயர். 1903 இல், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஏழு பெண்கள் தொடங்கியது. ஒருமுறை சேர்ந்தால் ஆயுள் முழுவதும் உறுப்பினர். படிப்பு முடிந்து போன பெண்களுக்கென்று பல ஊர்களில் தனிக் கிளைகள் இருக்கின்றன. வேலை, குடும்பம், முதுமை எல்லாவற்றுக்கும் நடுவில் கூடிப் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள், இளையவர்கள் படிக்க உதவுகிறார்கள். தாய் இதைப் பெருமையோடு சொன்னபோது, நாங்களும் "எங்களைப் போலத்தான்" என்று மகிழ்ந்தோம். அவர்கள் ஆங்கிலத்தில் சகோதரி என்று ஒரே சொல்லால் அழைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அக்கா வேறு, தங்கச்சி வேறு. யார் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பொறுப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அன்றைய சூமில் பதினோராவது பெட்டியில் அவள் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: "வராத ஆக்களைத் தேடுறவையோ?"

அந்தக் கேள்வி அமெரிக்காவுக்குரியது அல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொரு நாள் காலையும் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். வந்தவளின் பெயரைக் கூப்பிட்டு அடையாளமிட்டுவிட்டுப் போய்விடுவார். வராதவளின் பெயரில்தான் நிற்பார். "ஏன் வரேல்லை? ஆருக்கும் தெரியுமோ? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆர்?" மூன்று நாள் வராவிட்டால் பின்னேரம் அந்த வீட்டுக்கே சைக்கிளில் போவார். வரவு இடாப்பு என்று பெயர் இருந்தாலும் அது வராதவர்களுக்கான புத்தகம். நாங்கள் பாடசாலையை விட்டுப் போன பிறகு வைத்த கணக்கெல்லாம் வந்தவர்களின் கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சந்தா கட்டினார்கள், எத்தனை பேர் படத்தில் நிற்கிறார்கள். அதில் அவளுக்கு ஒரு கட்டம்கூட இருக்கவில்லை.

ஆகவே நாங்கள் பதினொரு பேரும் சங்கத்துக்கு ஒரு அன்பளிப்புக் கொண்டு வந்திருக்கிறோம். பெறுமதி அதிகமில்லை. கடையில் வாங்கிய ஒரு இடாப்புப் புத்தகம். வாசலில் மேசையில் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் உங்கள் வகுப்பில் இன்று வராத ஒருத்தியின் பெயரை அதில் எழுதுங்கள். பக்கத்தில், அவளைத் தேடப் போகிறவள் என்று உங்கள் பெயரை எழுதுங்கள். சந்தா கட்ட இயலாதவர்களின் பங்கை எங்கள் குழு பொறுப்பெடுக்கிறது. யாருடையது என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். தேடிப் போனால் அந்த மூன்று கேள்வியையும் கேட்க வேண்டாம். "எப்படியடி இருக்கிறாய்" என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவளே சொல்லுவாள், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும்போது தூர தேசங்களில் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் இதையே சொல்கிறோம். உங்கள் தொலைபேசியில் எண் இல்லாத ஒருத்தி உங்கள் வகுப்பில் இருக்கிறாள். மலரை மூடி வைக்குமுன் அவளுடைய பெயரை நினைத்துப் பாருங்கள். ஒருவேளை அந்த ஒருத்தி நீங்களாகவே இருக்கலாம். அப்படியென்றால், சங்கத்தின் வாசல் வரை வந்து திரும்ப வேண்டாம். உள்ளே வாருங்கள். உங்களுடைய பெயர் இடாப்பில் இருக்கிறது.

நேரம் முடிந்துவிட்டது. இனிப் பாடசாலைக் கீதம். இங்கு வர முடிந்த நாங்கள் மேடையில் நிற்போம். வர முடியாதவர்கள் தொலைபேசியில் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு பாடுவார்கள். சுருதிப்பெட்டி அதே மரப்பெட்டிதான். துருத்தியை இரண்டு முறை திருத்தியாயிற்று. இன்று அதை யார் இயக்குவது என்று எங்களுக்குள் போட்டி வந்ததால், சரணத்துக்கு ஒருத்தியாக மாறி மாறி இருக்கப் போகிறோம். மாறும்போது சுருதி சற்று ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளைப்போல ஒரே சீராக அமுக்க எங்களுக்கு இன்னும் வரவில்லை.

எல்லோரும் எழுந்து நின்று எங்களோடு சேர்ந்து பாடுங்கள்.